மில்டூராவைத் தேடிப் போய்ப் பாலைக்காட்டில் சிக்கியவர்கள்: 2012 ஐபோன் வரைபடக் கோளாறு, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2012 செப்டம்பர் 19 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 6 மென்பொருளை வெளியிட்டது. 2007இல் முதல் ஐபோன் வந்த காலத்திலிருந்து அதிலிருந்த வரைபடச் செயலி கூகுளின் தரவை வைத்தே ஓடிக்கொண்டிருந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் குரலில் வழி சொல்லும் வசதி ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 2009 கடைசியிலேயே வந்துவிட்டது. ஐபோனின் வரைபடத்தில் அது இல்லை. ஐஓஎஸ் 6இல் ஆப்பிள் கூகுளை விலக்கிவிட்டு, டாம்டாம் என்ற வரைபடத் தரவு நிறுவனம் உட்படப் பல இடங்களிலிருந்து வாங்கிய தரவைக் கோத்துத் தன் சொந்த வரைபடத்தை வைத்தது. குரல்வழி காட்டல் வந்தது. நகரங்களை முப்பரிமாணத்தில் பார்க்க முடிந்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து மங்காத வெக்டர் வரைபடம் வந்தது. பேருந்து, ரயில் வழிகளும் தெருக்காட்சியும் போயின.

இந்த மாற்றத்தில் பயனருக்குத் தேர்வு எதுவும் இல்லை. மென்பொருளைப் புதுப்பித்ததும் பழைய செயலி மறைந்து, அதே இடத்தில் அதே பெயரில் புதியது உட்கார்ந்தது. பழைய ஐஓஎஸ் பதிப்புக்குத் திரும்பும் வழியையும் ஆப்பிள் வழக்கம்போல் அடைத்துவிடும். கூகுள் தன் வரைபடத்தை ஐபோனுக்கான தனிச் செயலியாக வெளியிட்டது டிசம்பர் 12 அன்றுதான். இடைப்பட்ட 12 வாரங்களில், தானாக வேறொரு செயலியைத் தேடி நிறுவாதவர்கள் எல்லாரும் கைபேசியோடு வந்ததையே நம்பினார்கள்.

வெளியான முதல் வாரமே பயனர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பக்கம், உருகி வழிந்ததுபோல் தெரிந்த, நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தின் படம் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், தங்கள் நகரத்தில் ஒரு குறையும் காணவில்லை என்றவர்கள். டப்ளினில் ஏர்ஃபீல்ட் என்ற பெயருள்ள பண்ணைத் தோட்டம் ஒன்றில் விமான நிலையச் சின்னம் விழுந்திருந்தது. விமானிகள் அங்கே இறங்கிவிடக் கூடாது என்று அயர்லாந்தின் அமைச்சர் ஒருவரே அறிக்கை விட வேண்டியதாயிற்று. செப்டம்பர் 28 அன்று ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். தங்கள் வரைபடம் சீராகும்வரை பிங், மேப்குவெஸ்ட், வேஸ் போன்ற செயலிகளையோ, இணையத்தில் கூகுள், நோக்கியா வரைபடங்களையோ பயன்படுத்தலாம் என்றும் எழுதினார். போட்டி நிறுவனங்களின் பெயரைச் சொல்லி அங்கே போங்கள் என்று ஆப்பிள் எழுதுவது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அந்தக் கடிதம் நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்தது. வரைபடச் செயலியைத் திறப்பவரின் கண்ணில் அது படாது.

ஊரும் பூங்காவும்

மில்டூரா, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வடமேற்கு மூலையில், மர்ரே ஆற்றங்கரையில் இருக்கிறது. மெல்பனிலிருந்து ஏறக்குறைய 540 கிலோமீட்டர். அடிலெய்டிலிருந்து ஸ்டர்ட் நெடுஞ்சாலை வழியே 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1880களில் ஆற்றுநீர்ப் பாசனத்தை நம்பி உண்டான ஊர். திராட்சையும் ஆரஞ்சும் விளைகின்றன. கால்வாய் முடியும் இடத்தில் பசுமையும் முடிந்துவிடும். அதற்கப்பால் மாலி எனப்படும் குட்டை யூகலிப்டஸ் புதர்க்காடும் செம்மணல் மேடுகளும்தான்.

ஊருக்குத் தென்மேற்கில் மர்ரே-சன்செட் தேசியப் பூங்கா 6,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது. பூங்கா என்ற பெயரைக் கேட்டு நிழலும் பெஞ்சும் குடிநீர்க் குழாயும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே பெரும்பாலும் மணல் தடங்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டி இல்லாமல் போகக் கூடாதவை. தண்ணீர் வசதி கிடையாது. பெரும்பகுதியில் கைபேசிச் சமிக்ஞையும் கிடையாது. டிசம்பர் அங்கே கோடைக்காலம். வெப்பம் 46 டிகிரிவரை போகக்கூடும் என்று காவல்துறையே பின்னர் எச்சரித்தது.

காவல்துறை கண்டது

2012 கடைசியில் சில வாரங்களுக்குள் மில்டூரா காவலர்களுக்கு ஒரே மாதிரியான உதவி அழைப்புகள் வந்தன. அழைத்தவர்கள் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத ஓட்டுநர்கள். எல்லாரும் மில்டூராவுக்குப் போகக் கிளம்பியவர்கள். எல்லாரும் மர்ரே-சன்செட் பூங்காவுக்குள் சிக்கியிருந்தார்கள். எல்லாரும் ஐபோனின் புதிய வரைபடம் சொன்ன வழியில் வந்தவர்கள். சிலர் 24 மணி நேரம்வரை உணவும் தண்ணீரும் இல்லாமல் இருந்திருந்தார்கள். சமிக்ஞை கிடைக்கும் இடம்வரை கரடுமுரடான நிலத்தில் நெடுந்தூரம் நடந்து போய் அழைத்தவர்களும் உண்டு.

ஓட்டுநரின் கவனக்குறைவு என்று முதல் அழைப்பைத் தள்ளிவிடலாம். ஒரே இடத்தில், ஒரே காரணம் சொல்லி அடுத்தடுத்து ஆட்கள் சிக்கும்போது அப்படித் தள்ள முடியாது. காவலர்கள் செயலியைத் தாங்களே திறந்து சோதித்தார்கள். மில்டூரா என்று தேடினால் சிவப்புக் குறி, உண்மையான ஊரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளிப் பூங்காவின் நடுவில் விழுந்தது. பிழை வழியில் இல்லை, சேருமிடத்திலேயே இருக்கிறது என்பது அந்தச் சோதனையில் தெளிவானது. வழியில் பிழை என்றால் ஒரு திருப்பத்தைத் தவிர்க்கச் சொன்னால் போதும். சேருமிடமே பிழை என்றால் எந்தத் திசையிலிருந்து யார் வந்தாலும் கடைசியில் அந்தக் காட்டுக்குள்தான் போய் நிற்பார்கள்.

ஒரு பெயர், இரண்டு பதிவுகள்

ஆஸ்திரேலியாவில் அரசு பராமரிக்கும் இடப்பெயர்ப் பதிவேடு ஒன்று உண்டு. ஒவ்வொரு பதிவிலும் பெயர், அது என்ன வகை இடம், அதன் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவை இருக்கும். அதில் மில்டூரா இரண்டு விதமாக இடம்பெற்றிருந்தது. ஒன்று, ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். மற்றொன்று, மில்டூரா ரூரல் சிட்டி என்ற உள்ளாட்சிப் பகுதி. பெயரில் சிட்டி இருந்தாலும் இது நகரம் அல்ல. 22,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, விக்டோரியாவிலேயே மிகப் பெரிய உள்ளாட்சி எல்லை. மர்ரே-சன்செட் பூங்காவின் பெரும்பகுதி இதற்குள்தான் வருகிறது.

இவ்வளவு பெரிய பரப்பைப் பதிவேட்டின் ஒரு வரியில் அடக்க வேண்டுமானால் ஒரே ஒரு புள்ளியைத்தான் கொடுக்க முடியும். வழக்கமாகக் கொடுப்பது எல்லையின் நடுப்புள்ளி. மில்டூரா ரூரல் சிட்டியின் நடுப்புள்ளி மனித வாடை இல்லாத பூங்காவின் மத்தியில் விழுகிறது. செயலியின் சிவப்புக் குறி நின்றதும் அங்கேதான்.

பதிவேட்டில் பிழை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரின் புள்ளியும் சரி, உள்ளாட்சிப் பகுதியின் நடுப்புள்ளியும் சரி. ஆனால் இரண்டுக்கும் பயன் வேறு. நடுப்புள்ளி, வரைபடத்தில் அந்தப் பகுதியின் பெயரை எங்கே எழுதுவது என்பதற்கு உதவும். வண்டியை அங்கே ஓட்டிப் போவதற்கு அல்ல. பல இடங்களிலிருந்து வாங்கிய பட்டியல்களை ஒன்றாக்கும்போது வகைக் குறியீட்டைப் பார்க்காமல் பெயரை மட்டும் பொருத்தினால் இந்த வேறுபாடு அழிந்துபோகும். அதன்பின் தேடலில் எந்தப் பதிவு மேலே வருகிறது என்பது குருட்டு அதிர்ஷ்டம்.

இதைப் பிடிக்கும் சோதனை கடினமானதும் அல்ல. மக்கள் வாழும் ஊர் என்று பட்டியலிட்ட ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து, அதைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் எத்தனை தெருக்கள், எத்தனை முகவரிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் போதும். 30,000 பேர் வாழும் ஊருக்கு எண்ணிக்கை சுழியமாக வந்தால் அந்தப் பதிவை மனிதர் ஒருவர் பார்வையிட வேண்டும். ஒரே பெயரில் 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இரண்டு புள்ளிகள் இருந்தாலும் அப்படித்தான்.

காட்டுக்குள் கோடு வந்தது எப்படி

சேருமிடம் சாலை மேல் இல்லாவிட்டாலும் வழிகாட்டும் மென்பொருள் முடியாது என்று சொல்வதில்லை. தன் தரவில் அந்தப் புள்ளிக்கு மிக அருகில் உள்ள சாலைத் துண்டைக் கண்டுபிடித்து, அதுவரை வழி போட்டுவிடும். பூங்காவின் மணல் தடங்கள் தரவில் சாலைகளாகவே பதிவாகியிருக்கும். தார் போட்டதா, மண்ணா, எந்த வண்டிக்கு ஏற்றது என்ற விவரம் இல்லாத இடத்தில் நெடுஞ்சாலைக்கும் மணல் தடத்துக்கும் மென்பொருள் காணும் வேறுபாடு, அனுமானித்த வேகம் மட்டுமே.

பூங்காவுக்கு வடக்கே ஸ்டர்ட் நெடுஞ்சாலை, தெற்கே மாலி நெடுஞ்சாலை. தவறான குறி இரண்டுக்கும் நடுவில். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் நல்ல தார்ச்சாலையை விட்டு இறங்கினால்தான் அங்கே போக முடியும். திரையில் அந்த இறக்கமும் மற்றத் திருப்பங்களைப் போல ஒரு அம்புக்குறிதான், குரலும் மாறாது.

இன்னொரு தொழில்நுட்ப விவரமும் இங்கே முக்கியம். ஜிபிஎஸ்ஸுக்குக் கைபேசிச் சமிக்ஞை தேவையில்லை. செயற்கைக்கோள்களிடமிருந்து நேரடியாக இடத்தை அறிந்துகொள்ளும். முழு வழியும் கிளம்பும்போதே இறங்கிவிடுகிறது. ஆகவே சமிக்ஞை போன பின்னும் நீலப் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும், கோடும் இருக்கும். எல்லாம் ஒழுங்காக வேலை செய்வதாகவே தோன்றும். புதிய தேடல், மாற்று வழி, தொலைபேசி அழைப்பு இவை மட்டும் செத்திருக்கும். சிக்கிக்கொண்டோம் என்று தெரிந்து திரும்ப வழி கேட்கும்போதுதான் அது புரியும்.

சிக்கியவர்கள் எடுத்த முடிவுகள்

மூன்று முடிவுகளைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, வெறும் ஊர்ப்பெயரைச் சேருமிடமாகக் கொடுத்தது. எல்லாரும் செய்வதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, தார்ச்சாலையை விட்டு இறங்கியது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நம்ப முடியாததாகத் தோன்றும் இடம் இது. ஆனால் வழிகாட்டும் நிலையில் திரை அடுத்த சில நூறு மீட்டரை மட்டுமே காட்டும். மொத்தப் படம் ஓட்டுநரின் கண்ணில் படாது. ஆஸ்திரேலிய உள்நாட்டில் மண்சாலை வழியே ஊருக்குப் போவதும் வழக்கத்துக்கு மாறானது அல்ல. கிலோமீட்டர் கணக்கு குறைந்துகொண்டே வரும்போது, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் கொஞ்சம்தானே என்று தோன்றுவதும் இயல்பு. தடத்தில் மணல் ஆழமான பிறகு சாதாரணக் கார் திரும்பவும் முடியாது.

மூன்றாவது, வண்டியை விட்டு நடந்தது. உயிருக்கு மிக ஆபத்தான முடிவு இதுவே. வறண்ட நிலத்தில் சிக்கினால் வண்டியை விட்டு அகலாதே என்பதுதான் அங்கே எல்லாருக்கும் சொல்லப்படும் அறிவுரை. வண்டி நிழல் தரும். வானிலிருந்து தேடுபவருக்கு மனிதரைவிட வண்டி எளிதில் தெரியும். 40 டிகிரி வெயிலில் நடக்கும் உடல் இழக்கும் நீரை, கையிலிருக்கும் ஒரு பாட்டில் ஈடுசெய்யாது. ஆனால் இந்த அறிவுரை, கிளம்பும் முன் யாரிடமாவது எந்த வழியில் போகிறோம் என்று சொல்லியிருந்தால்தான் முழுப் பயன் தரும். இவர்கள் போன இடத்தை இவர்களே அறியவில்லை. தேடுபவர்கள் முதலில் ஸ்டர்ட் நெடுஞ்சாலையில்தான் தேடியிருப்பார்கள். நடந்தவர்கள் பிழைத்ததை வைத்து நடந்தது சரி என்று கொள்ள முடியாது. அவர்களுக்கு எதிரே இருந்த தேர்வு எளிதானது அல்ல என்பதும் உண்மை.

எச்சரிக்கையை வெளியிட்டது ஏன்

காவல்துறைக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன: ஆப்பிளுக்குத் தெரிவித்துவிட்டுத் திருத்தத்துக்காகக் காத்திருப்பது, அல்லது தெரிவித்ததோடு மக்களையும் நேரடியாக எச்சரிப்பது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். டிசம்பர் 10 வாக்கில் வெளிவந்த எச்சரிக்கை உலகம் முழுவதும் செய்தியானது. குறி எங்கே விழுகிறது, அங்கே ஏன் ஆபத்து, சிக்கியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லிவிட்டு, கோளாறு சரியாகும்வரை மில்டூராவுக்கும் விக்டோரியாவின் மற்ற இடங்களுக்கும் போகிறவர்கள் வேறு வரைபடத்தை நம்ப வேண்டும் என்றது அந்த அறிக்கை.

கோடை விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. அடிலெய்டிலிருந்தும் மெல்பனிலிருந்தும் குடும்பங்கள் ஆற்றங்கரைக்குக் கிளம்பும் பருவம் அது. செயலியிலேயே பிழையைத் தெரிவிக்கும் பொத்தான் இருந்தது. ஆனால் ஐஓஎஸ் 6இல் அது திரையின் மூலை மடிப்புக்கு அடியில் ஒளிந்திருந்தது. தெருப்பெயர் எழுத்துப்பிழை என்பவரும், ஆள் சாகப் போகிறான் என்பவரும் அதே பெட்டியில்தான் எழுத வேண்டும். அவசரத்துக்குத் தனி வாசல் இல்லாதபோது செய்தியாளர்களிடம் போவதே வேகமான வழி. சரியான முடிவு என்றே சொல்வேன்.

திருத்தமும் அதன் பின்னும்

செய்தி பரவிய ஓரிரு நாளில் மில்டூரா தன் இடத்துக்குத் திரும்பியது. பயனர் கைபேசியில் எதையும் புதுப்பிக்கத் தேவைப்படவில்லை. தரவு ஆப்பிளின் கணினிகளில் இருந்ததால் அங்கே மாற்றியதும் எல்லாருக்கும் மாறிவிட்டது. அதே வாரம் வந்த கூகுள் செயலியை முதல் 48 மணி நேரத்தில் 1 கோடிப் பேர் இறக்கிக்கொண்டார்கள். அதே வாரத்தில் விக்டோரியாவின் தென்பகுதிக் காவலர்கள், கிரேட் ஓஷன் ரோட்டுக்கு வரும் பயணிகளைக் கூகுள் வரைபடம் ஆபத்தான குறுகிய சாலை ஒன்றில் அனுப்புவதாக எச்சரித்தார்கள். பிழை ஒரு நிறுவனத்தின் தனிச்சொத்து இல்லை.

ஆப்பிளுக்குள் விளைவு பெரிது. ஐஓஎஸ் பிரிவின் தலைவர் வெளியேறுவது அக்டோபர் இறுதியிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. வெளியிடும் முன் மென்பொருளைப் பொதுமக்களிடம் சோதனைக்குக் கொடுக்கும் பழக்கம் பிறந்ததற்கு இந்த வரைபட அனுபவமே காரணம் என்று ஆப்பிளின் உயர் அதிகாரிகள் 2016இல் சொன்னார்கள். பொதுப் போக்குவரத்து வழிகள் 2015இல் திரும்பின. வாங்கிய தரவை விட்டுத் தன் சொந்த வண்டிகளை ஓட்டித் திரட்டிய தரவால் வரைபடத்தை அடியிலிருந்து மறுபடி கட்டுவதை ஆப்பிள் 2018இல் அறிவித்தது.

எங்கள் ஊரில் நன்றாகத்தானே இருக்கிறது

பயனர்களின் வாதம் முடிவில்லாமல் சுற்றியதற்குக் காரணம், இரு தரப்பும் உண்மை பேசியதுதான். வரைபடத்தின் தரம் செயலிக்கு ஒன்று என்று இருப்பதில்லை. ஊருக்கு ஊர், அடுக்குக்கு அடுக்கு மாறும். பெயரைப் புள்ளியாக்குவது ஓர் அடுக்கு. சாலைகளின் இணைப்பு ஓர் அடுக்கு. அந்தச் சாலைகளின் தன்மை இன்னொன்று. திரையில் தெரியும் தோற்றம் கடைசி. புரூக்ளின் பாலம் உருகியது தோற்றத்தின் கோளாறு: வானிலிருந்து எடுத்த படத்தை, நிலத்தின் உயரங்களைக் காட்டும் கணினி மாதிரியின் மேல் போர்த்தும்போது, பாலத்துக்கு அடியில் வெற்றிடம் இருப்பது மாதிரிக்குத் தெரியாது. அதிகம் பகிரப்பட்டது அதுதான். யாருக்கும் கீறல்கூட விழவில்லை. மில்டூராவில் தோற்றம் அழகாக, எழுத்து கூர்மையாக, குரல் தெளிவாக இருந்தது.

நட்சத்திர மதிப்பீடுகளும் சராசரிகளும் இதைக் காட்டித் தரமாட்டா. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பிழையைப் பத்தாயிரம் பேர் அன்றே பார்த்துவிடுவார்கள். மாலிக் காட்டில் பார்க்க ஆளில்லை. தரவு மெலிந்த இடமும் பிழையைப் பொறுக்காத நிலமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன.

மாற வேண்டியவை

அறிமுகமில்லாத தொலைவான ஊருக்குக் கிளம்பும்போது வெறும் ஊர்ப்பெயரைக் கொடுக்காமல், அந்த ஊரின் மருத்துவமனை, அஞ்சலகம், தங்கும் விடுதி என்று முகவரியுள்ள ஓரிடத்தைக் கொடுப்பது நல்லது. முகவரியில் அஞ்சல் குறியீடு சரியா என்று பார்க்க வேண்டும், மில்டூராவுக்கு 3500. அடுத்து, செயற்கைக்கோள் படத்துக்கு மாறிக் குறியைச் சுற்றிக் கூரைகளும் தெருக்களும் தெரிகின்றனவா என்று பார்த்தால் அரை நிமிடம்கூட ஆகாது. 2012இல் இதைச் செய்தவருக்கு வெறும் செம்மண்ணும் புதரும் தெரிந்திருக்கும். மொத்தத் தூரத்தை இரண்டாவது வரைபடம் ஒன்றோடு ஒப்பிட்டு, பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணம் தெரியும்வரை வண்டியை எடுக்காமல் இருக்கலாம். போகும் வழியில் சாலையோரத் தூரப்பலகைக்கும் திரைக்கும் முரண்பாடு வந்தால் பலகையை நம்ப வேண்டும்.

தார் முடியும் இடத்தில் வண்டியை நிறுத்தி, படத்தைச் சுருக்கி முழு வழியையும் பார்க்க வேண்டும். இங்கே இன்னும் சமிக்ஞை இருக்கலாம். 10 கிலோமீட்டர் உள்ளே போனபின் இருக்காது. உள்நாட்டுக் கோடைப் பயணத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் தண்ணீர் என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சிக்கினால் ஆஸ்திரேலியாவின் அவசர அழைப்பு எண்களான 000 அல்லது 112ஐ முயல வேண்டும். உங்கள் நிறுவனத்தின் சமிக்ஞை இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அவசர அழைப்பு போகும். எந்தக் கோபுரமும் எட்டாத இடத்தில் இதுவும் உதவாது. அப்போது வண்டியோடு இருப்பது, எஞ்சினையும் ஏசியையும் வீணாக்காமல் நிழலில் அமர்வது, இரவில் விளக்கைச் சிறிது நேரம் எரிய விடுவது.

வரைபடம் செய்பவர்கள் பக்கம், உள்ளாட்சிப் பகுதியின் நடுப்புள்ளியைச் சேருமிடமாக ஏற்காமல் இருப்பதும், உயிர் ஆபத்துப் புகார்களுக்குத் தனி வழி வைப்பதும் அடிப்படைத் தேவைகள். இரண்டாவது தேவை எவ்வளவு அவசரமானது என்பது 2013 செப்டம்பரில் தெரிந்தது. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் விமான நிலையத்துக்கு வழி கேட்டவர்களை ஆப்பிள் வரைபடம் விமானங்கள் நகரும் ஓடுபாதை இணைப்பின் விளிம்புவரை கொண்டுபோய் விட்டது; எதிரே முனையக் கட்டடம் தெரிந்ததும் ஓட்டுநர் ஒருவர் ஓடுபாதையைக் குறுக்கே கடந்து போனார். நிலையம் ஆப்பிளிடம் புகார் செய்தது. இரண்டே வாரத்தில் இன்னொருவர் அதே வழியில் அதையே செய்தார். செயலி திருந்தக் காத்திராமல், நிலையத்தார் அந்த வழியின் குறுக்கே தடுப்புகளை வைத்து மூடினார்கள்.